தலையசைப்பு ஓட்டு

"டை கட்டி விடுக்கா. டை இல்லாம அங்க உள்ள விடமாட்டானுங்க."

"நீ உள்ள எங்கடா போகப்போற? வாசல்ல வண்டிக்குள்ள படுத்துக் கிடக்கப்போற. பைஜாமாவுக்கு மேல எவண்டா டை கட்டுவான்?"

கேட்டுக்கொண்டே மேவிஸ் தம்பியின் கழுத்தில் டையைக் கட்டினாள். பைஜாமா கோடு போட்டது, டை புள்ளி வைத்தது. கடைசியாக அவனுக்கு டை கட்டிவிட்டது பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியபோது. அன்றைக்கும் இதே மாதிரி மோவாயைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏதோ உலகத்துக்கு உபகாரம் செய்கிறவன் போல நின்றான். இப்போது படுத்திருந்தான். மற்றபடி ஒன்றும் மாறவில்லை.

வார்டு தலைமை நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் கை கட்டி நின்றாள். "டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா மிஸ் ஹாஸ்லம்? இவர கட்டில விட்டு அசைச்சா எதுவும் நடக்கலாம்."

"கட்டில்ல கிடந்தா மட்டும் நடக்காதா?" என்றாள் மேவிஸ்.

தம்பி க்ளிஃபர்ட் ஹாஸ்லத்தின் நுரையீரலில் பதினான்கு வயதிலிருந்து மில்லின் பஞ்சுத் தூசி குடியிருந்தது. மனைவி ஒரு பல் டாக்டரோடு ஆஸ்திரேலியா போனாள், முடி போனது, ஒரு அரைகுறை மந்திரி பதவி வந்து போனது. தூசி மட்டும் விசுவாசமாகக் கூடவே இருந்தது.

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்குப்படுக்கையை எடுத்தார்கள்.

"கால முன்னாடி விட்டுத் தூக்காதீங்க," மேவிஸ் அதட்டினாள். "திருப்புங்க. இன்னும் அவன் உயிரோடதான் இருக்கான்."

திருப்பினார்கள். தலை முன்னால் போக, ஸ்கார்டேல் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் லிஃப்டுக்குள் நுழைந்தார்.

ஓட்டெடுப்பு சாயங்காலம் ஏழு மணிக்கு. சபையில் ஓட்டுப் போடுகிறவர் தன் காலால் நடக்க வேண்டும். ஆமாம் என்பவர்கள் ஒரு வாசல் வழியாக, இல்லை என்பவர்கள் இன்னொரு வாசல் வழியாக. நடக்க முடியாத நோயாளி என்றால் நாடாளுமன்ற முற்றம்வரை வந்து சேர்ந்தால் போதும். இரண்டு கட்சிக் கொறடாக்களும் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ஆள் மூச்சு விடுகிறானா என்று எதிர்க்கட்சிக்காரர் பார்த்துக்கொள்வார். சொந்தக் கட்சிக் கொறடா தலையசைப்பார். அந்தத் தலையசைப்பு ஒரு ஓட்டு. நாட்டின் தலையெழுத்து இப்படித் தலையாட்டலில் ஓடுவதில் வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆச்சரியம்.

அந்தக் கோடையில் அரசாங்கத்துக்கு ஒரே ஒரு தலைதான் கூடுதல். அந்தத் தலை தலையணையில் கிடந்தது. கொறடா ட்ரெவர் பிளைத் போன் செய்து கேட்டபோது, "வண்டி அனுப்பு, வந்து ஓட்டுப் போடறேன்" என்று க்ளிஃபர்ட் சொல்லியிருந்தான். எந்தப் பக்கம் என்று ட்ரெவர் கேட்கவில்லை. மேவிஸும் கேட்கவில்லை. மீனிடம் போய் நீந்துவாயா என்று யார் கேட்பார்கள்?

வண்டி பாலத்தில் ஏறியது. ஓட்டுநர் டெஸ்மண்ட் ஜமைக்காவில் பிறந்தவர், லண்டன் போக்குவரத்தை லண்டன்காரர்களைவிட உரிமையோடு திட்டுகிறவர். ஒரு சுற்றுலா பஸ்ஸின் பரம்பரையை அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது க்ளிஃபர்ட் கண்ணைத் திறந்தான்.

"அக்கா, அந்தக் கட்சி ரிப்பன் பூவ ஏன் குத்திட்டு வந்திருக்க? இது தேர்தலா?"

"கட்சி வேலையா போறோம். குத்தாம?"

மேவிஸுக்குக் கட்சிதான் கோயில், குளம், புருஷன் எல்லாம். தம்பியின் எல்லாத் தேர்தலுக்கும் அவள்தான் ஏஜெண்ட். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டதாக வாய்தவறிச் சொன்ன பால்காரரிடம் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தவள். பால் மட்டும் வாங்கினாள், மாட்டுக்குக் கட்சி கிடையாது என்பதால். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு தம்பி. அவனை ஒருமுறை மீன்வளத் துறைக்குத் துணை மந்திரியாக்கினார்கள். ஸ்கார்டேலில் இருப்பது ஒரு வாய்க்கால், அதில் இருப்பது பழைய சைக்கிள்கள். ஆனாலும் மரியாதை மரியாதைதானே? இரண்டு வாரத்தில், தன் மந்திரிக்கு மீனைத் தட்டில் வைத்தால்தான் அடையாளம் தெரியும் என்று பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டு ஊர் வந்து சேர்ந்தான்.

கட்சி சொல்வது பிடிக்காவிட்டால் அவன் எதிர்த்து ஓட்டுப் போடமாட்டான். சபைக்கே போகாமல் அறையில் படுத்துக்கொள்வான். கூட்டுறவுக் கடை மாடியில் கூடும் கட்சிக் கமிட்டி விளக்கம் கேட்கும்போது மேவிஸ் எழுந்து நின்று, "தம்பிக்குக் காய்ச்சல்" என்பாள். இருபத்தேழு வருஷத்தில் அவனுக்கு வந்த காய்ச்சலுக்கு ஒரு யானை செத்திருக்கும். ஊரில் நக்கலாகவே கேட்பார்கள்: "என்ன மேவிஸ், நாளைக்கு முக்கியமான ஓட்டாமே, தம்பிக்கு உடம்பு எப்படி?"

இன்று அப்படி இல்லை. தம்பி சாகக்கிடக்கிற நேரத்தில் கட்சிக்காக எழுந்து வந்திருக்கிறான். மேவிஸ் நேற்றிரவே கமிட்டியின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தாள்.

முற்றத்தில் வண்டி நின்றது. டெஸ்மண்ட் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, காவல் நின்ற போலீஸ்காரரிடம் நெருப்புக் கேட்கப் போனார். வெயில் இன்னும் இறங்கவில்லை. கல் சுவர்களுக்கு நடுவே ஆற்று வாடை வந்தது.

"அக்கா," என்றான் க்ளிஃபர்ட், ஆக்ஸிஜன் முகமூடியை ஒதுக்கிவிட்டு. "நான் இல்லைன்னு போடப்போறேன்."

"எதுக்கு இல்லை?"

"மசோதாவுக்கு."

மேவிஸ் எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

சின்ன ஊர் மருத்துவமனைகளை மூடி, பெரிய ஊரில் ஒன்றாகச் சேர்க்கிற மசோதா அது. மூடப்போகிறவற்றில் ஸ்கார்டேல் மருத்துவமனையும் ஒன்று. மில்காரர்கள் தங்கள் வாரக்கூலியிலிருந்து பிடித்துக்கொடுத்துக் கட்டியது. சுவர் நேராக இருக்காது. ஆனால் பக்கத்தில் இருந்தது.

"மூடறது எனக்கும் பிடிக்கலடா," என்றாள். "பிடிக்கலன்னா எப்பவும் போலப் படுத்துக்க வேண்டியதுதானே? காய்ச்சல்னு சொல்லியிருப்பேன். இப்ப சொன்னா எல்லாரும் நம்பவும் செய்வாங்க."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்க நேரமாயிற்று.

"காய்ச்சல்லயே காலம் ஓடிருச்சுக்கா. ஒரு தடவையாவது நடந்து போய் வேண்டாம்னு சொல்லணும். அதுக்குத்தான் வண்டி கேட்டேன். அவன் காசுல, அவன் வண்டியில." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் பேரிக்காய் திருடிய பையனின் களை வந்தது.

"எதிர்க்கட்சிக்காரனோட? அந்த வாசல்லயா? வால் வெச்ச கோட்டுக்காரனுங்க, பண்ணையாருங்க, நம்ம அப்பாவ மில்லுல இருந்து வெளிய தள்ளி கதவச் சாத்தினவன் பேரனுங்க. அவனுங்க முதுக உரசிக்கிட்டு நீ போவ?"

"மசோதாவ அவனுங்க எதுக்கறது வேற காரணம். அது அவனுங்க பாடு."

"அவனுங்களோட ஒரே வாசல்ல நுழையறதுக்கு நீ செத்தே போகலாம்டா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"ரெண்டுக்கும் நேரம் இருக்கான்னு பாக்கறேன்," என்றான் க்ளிஃபர்ட்.

கதவைத் தட்டிவிட்டு ட்ரெவர் பிளைத் எட்டிப் பார்த்தான். எப்போதும் சட்டைப் பையில் பெப்பர்மின்ட் வைத்திருப்பவன். மோசமான சேதி சொல்லும் முன் ஒன்றை நீட்டுவான். அதனால் அவன் கை பைக்குள் போனாலே சபையில் பலர் வேறு பக்கம் நழுவுவார்கள். இன்று கை வெளியில்தான் இருந்தது.

"க்ளிஃப்! வந்துட்டியே, சிங்கம்யா நீ. மேவிஸ், நீங்க இல்லன்னா நடந்திருக்காது. பிரதமரே விசாரிச்சார். மணி அடிச்சதும் எதிர்த்தரப்புக் கொறடாவ கூட்டிட்டு வர்றேன். ஒரு தலையாட்டு, வேலை முடிஞ்சது."

"நான் இல்லை பக்கம், ட்ரெவர்."

ட்ரெவர் மேவிஸைப் பார்த்தான். மேவிஸ் ஆக்ஸிஜன் உருளையைப் பார்த்தாள்.

கை பைக்குள் போனது. ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துப் போர்வைமேல் வைத்தான். "க்ளிஃப், வண்டி கட்சி வண்டி. தலையாட்டறது நான். நான் ஆமாம் பக்கம்தான் ஆட்டுவேன், எனக்குக் கழுத்து அப்படித்தான் திரும்பும். உனக்கு இல்லைன்னு போடணும்னா, தாராளமா இறங்கி உள்ள நடந்து போய்ப் போடு. யாரும் தடுக்கல." குரலில் கோபமே இல்லை. போர்வையைக்கூட இழுத்துச் சரிசெய்துவிட்டுத்தான் போனான்.

மேவிஸ் மிட்டாயை எடுத்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள்.

"நடக்கட்டுமாமே," என்றான் க்ளிஃபர்ட். "நல்ல யோசனைதான். ஷூவக் குடுக்கா."

"பைத்தியக்காரத்தனம் பண்ணாத. படு."

"ஷூவக் குடு."

"படுடாங்கறேன்."

அவன் முழங்கையை ஊன்றினான். கொஞ்சம் எழுந்தான், விழுந்தான், மறுபடி ஊன்றினான். மேவிஸ் உதவி செய்யவில்லை. தடுக்கவும் இல்லை. படுக்கையின் விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அவன் உட்கார்ந்தபோது கண்களைச் சுற்றி நீலம் பாய்ந்திருந்தது. கீழே பார்த்தான். ஷூ இருந்த இடம் அவனுக்கு ஸ்காட்லாந்து தூரத்தில் இருந்தது.

"எத்தனையடி இருக்கும் அந்த வாசலுக்கு?" என்றான்.

"உனக்கு நிறைய."

"தூக்குவியா?"

"மாட்டேன்," என்றாள் மேவிஸ். "அந்த வாசப்படில நான் கால் வைக்கமாட்டேன். வாசல் வரைக்கும் பிடிச்சுட்டு வரேன். அப்புறம் அந்தப் பண்ணையாருங்க தாங்கிக்கட்டும். அதுக்காவது உபயோகப்படட்டும்."

சொல்லிவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். முட்டி சத்தம் போட்டது. அவன் கால் வீங்கியிருந்தது. ஷூவின் நாக்கை முழுக்க வெளியே இழுத்துத்தான் நுழைக்க முடிந்தது. "என்ன காலுடா இது, வேகவெச்ச மாதிரி. ஒத்தக் காலுக்கு ரெண்டு காலு சதை. சாக்ஸ மாத்துன்னு நேத்தே சொன்னேன். கேட்டாத்தானே? வாழ்நாள்ல ஒரு தடவை நான் சொன்னத கேட்டிருப்பியா? மீன் மந்திரி! பத்திரிகைக்காரன் வந்தா வாய மூடுன்னேன், கேட்டியா? அந்தப் பல் டாக்டர வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிடாதன்னேன், கேட்டியா?"

முதல் ஷூவைக் கட்டி முடித்தாள். இரண்டாவதைப் போட்டாள். அவன் கை அவள் தலைமேல் இருந்தது, விழாமலிருக்க ஊன்றிக்கொண்டிருந்தான். தலைமுடி கலைகிறது என்று அதற்கும் ஒரு வசவு விட்டாள். லேஸின் முதல் முடிச்சைப் போடும்போது அவன் ஏதோ சொல்ல வந்தது போல மூச்சிழுத்தான்.

கை தலையிலிருந்து நழுவித் தோளில் விழுந்தது. கால் அவள் உள்ளங்கையில் கனத்தது.

மேவிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. லேஸை இரண்டு காதாக மடித்து, இறுக்கி, ஒரு பூ முடிச்சுப் போட்டாள். அது அவிழாதிருக்க இன்னொரு முடிச்சு. பிறகுதான் எழுந்து, பக்கவாட்டில் சாய்ந்திருந்தவனைத் தோளோடு அணைத்துப் படுக்கையில் கிடத்தினாள். டையை நேராக்கினாள். போர்வையை இழுத்தபோது ஷூ போட்ட கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அப்படியே விட்டாள்.

மணி அடித்தது.

நாடாளுமன்றக் கட்டடம் முழுக்க, அடுத்த தெருச் சாராயக்கடைகளிலும்கூட ஒரே நேரத்தில் அடிக்கிற ஓட்டெடுப்பு மணி. உறுப்பினர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுகிற சத்தம் முற்றத்தில் கேட்டது. மேவிஸ் இருக்கையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ட்ரெவர் வந்தான். கூட எதிர்க்கட்சிக் கொறடா சர் ஜெர்வேஸ் போன்சன்பி, நெட்டையான கிழவர், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தூங்கறார்," என்றான் ட்ரெவர். "பாவம், களைப்பு. பாத்துக்கிட்டீங்களா சர் ஜெர்வேஸ்? சரி, க்ளிஃபர்ட் ஹாஸ்லம், ஆமாம் பக்கம்."

சர் ஜெர்வேஸ் போர்வையைப் பார்த்தார். போர்வை அசையவில்லை. போரில் நிறையப் போர்வைகளைப் பார்த்தவராக இருக்க வேண்டும். அவர் ட்ரெவரை விட்டு மேவிஸின் பக்கம் திரும்பினார்.

"மிஸ் ஹாஸ்லம், உங்க தம்பி எப்படி இருக்கார்? நீங்க சொன்னா போதும். நான் வேற எதுவும் கேட்கமாட்டேன்."

அவர் நாகரிகம்தான் மேவிஸுக்கு எரிச்சலாக வந்தது. இந்த வர்க்கத்துக்கு இதுதான் வழக்கம்; கதவைச் சாத்தும்போதும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சாத்தும்.

ட்ரெவரும் இப்போது போர்வையை உற்றுப் பார்த்தான். முகம் வெளுத்தது. வண்டிக்குள் ஒரு காலை வைத்து ஏறி, மேவிஸின் காதருகே குனிந்தான். பெப்பர்மின்ட் வாடை வந்தது.

"மேவிஸ். உங்களுக்குத் தெரியும். இவர் இருந்தா ஜெயிக்கிறோம், இல்லன்னா சமம். சமமானா மசோதா போச்சு. ஒரு பத்து நிமிஷம் கழிச்சுப் போனார்னு வெச்சுக்குங்க. யாருக்கு என்ன நஷ்டம்? அவருக்குக் கட்சிக் கொடி போத்தி அனுப்பலாம். பிரதமர் ஸ்கார்டேல் வருவார். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா இருந்தா போதும். நாப்பது வருஷம் கட்சிக்கு எவ்வளவோ பண்ணிட்டீங்க."

அது உண்மை. மழையில், பனியில், படி ஏறி, கதவு தட்டி, நாய்க்கடி வாங்கி, எவ்வளவோ செய்திருந்தாள். இப்போது அவள் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொள்வது. வாழ்க்கையில் கட்சி அவளிடம் கேட்காத ஒரே காரியம் அதுதான்.

வெளியே மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ட்ரெவர்," என்றாள் மேவிஸ், காதோடு அல்ல, முற்றம் முழுக்கக் கேட்கும்படி. "ஸ்கார்டேல்ல செத்தவன் பேர்ல ஓட்டுப் போட வந்தவன் ரெண்டு பேர நானே சட்டையப் புடிச்சு இழுத்துட்டுப் போய் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்கேன். அதுல ஒருத்தன் நம்ம கட்சிக்காரன். கீழ இறங்குப்பா."

"மேவிஸ்..."

"என் தம்பிக்கு இன்னிக்குக் காய்ச்சல் இல்ல. செத்துட்டான். எண்ணாத."

சர் ஜெர்வேஸ் தலை வணங்கினார். மேவிஸ் அவரிடமும் ஒரு விரலை நீட்டினாள். "உங்களுக்காக சொல்லல. அத ஞாபகம் வெச்சுக்குங்க. அடுத்த தேர்தல்ல உங்க ஆளு ஸ்கார்டேலுக்கு வரட்டும், பாத்துக்கறேன்."

"நிச்சயம் வெச்சுக்கறேன், மேடம்," என்றார் அவர். இருவரும் ஓடினார்கள், வாசல்கள் பூட்டப்படும் முன் அவர்களும் ஓட்டுப் போட வேண்டுமே.

டெஸ்மண்ட் வந்தார். உள்ளே பார்த்தார். தொப்பியை எடுத்துவிட்டு, ஆக்ஸிஜன் குழாயை மூடினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு இரைச்சல் கிளம்பியது. போலீஸ்காரர் கூண்டிலிருந்து டெஸ்மண்ட் சேதி கொண்டுவந்தார். "சமமாப் போச்சும்மா. சமமானா இருக்கறத இருக்கறபடி விடணும்னு சபாநாயகர் சொல்லிட்டாராம். மசோதா அவ்வளவுதான். அரசாங்கம் கடுப்புல இன்னிக்குச் சபையோட கடைய மூடிடுச்சு."

"சரி," என்றாள் மேவிஸ். திங்கட்கிழமை கமிட்டி கூடும். கூட்டுறவுக் கடை மாடியில் எழுந்து நின்று என்ன சொல்வது என்று யோசித்தாள். ஒன்றும் தோன்றவில்லை. பரவாயில்லை, இந்தத் தடவை காய்ச்சல் இல்லை என்றாவது சொல்லலாம்.

கறுப்புக் கோட்டு போட்ட முற்ற அதிகாரி ஒருவர் எழுதும் அட்டையோடு வந்து, தொண்டையைக் கனைத்தார். "ரொம்ப வருத்தம், மேடம். ஒரு சின்ன விஷயம். இந்த வளாகத்துக்குள்ள பொதுவா யாரும் இறக்கறதில்ல. பேருக்கு இது இன்னும் அரச குடும்பத்து அரண்மனை இல்லையா, வழக்கம் அப்படி. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில இறந்ததா எழுதிக்குவோம். போற வழியிலன்னு வேணும்னாலும்..."

"இங்க இறந்தான்."

"அது சரி மேடம், ஆனா வழக்கம்..."

"இருபத்தேழு வருஷமா உங்க வழக்கத்துக்கு இவன் எப்ப சரிப்பட்டு வந்தான், இப்ப வர்றதுக்கு? இங்க இறந்தான். இந்தக் கல்லு மேல நின்ன வண்டியில. ரெண்டு ஷூவும் போட்டுக்கிட்டு, உள்ள வர்றதுக்காக. பேனா இருக்கா, நான் எழுதட்டுமா?"

அதிகாரி போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் வானத்தைப் பார்த்தார். அதிகாரி எழுதினார். மேவிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

சபை கலைந்துகொண்டிருந்தது. கலைகிறபோது உள்ளே வாயில்காப்போன் ஒருவன் குரல் கொடுப்பான், போலீஸ்காரர்கள் அதை வாங்கி அடுத்தடுத்துக் கூவுவார்கள். வழிப்பறிக்காரர்கள் திரிந்த காலத்தில் உறுப்பினர்கள் கூட்டமாகச் சேர்ந்து போவதற்காக வந்த கூப்பாடு. திருடர்கள் வேறு தொழிலுக்குப் போன பிறகும் நிற்கவில்லை. அது தாழ்வாரம் தாழ்வாரமாக நெருங்கி, கடைசியில் முற்றத்துப் போலீஸ்காரரின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

"வீட்டுக்குப் போறது யார்?"

வழக்கப்படி யாரும் பதில் சொல்வதில்லை.

"நாங்க," என்றாள் மேவிஸ்.

போலீஸ்காரர் ஹெல்மெட்டைத் தொட்டுக்கொண்டார். டெஸ்மண்ட் பின்கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். வாயிலில் மந்திரிகளின் கறுப்புக் கார்கள் வரிசை கட்டி உறுமிக்கொண்டிருந்தன. தோற்ற மந்திரிகள் வீட்டுக்குப் போக அவசரப்பட்டார்கள்.

"இந்த வரிசை நகர நேரமாகும்மா," என்றார் அவர். "இனி அவசரமும் இல்ல. காத்திருக்கலாமா?"

மேவிஸ் தம்பியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, வண்டி குலுங்கினால் ஆடாதபடி அவன் தோளில் கையை வைத்துக்கொண்டாள்.

"சைரனப் போடு," என்றாள்.

டெஸ்மண்ட் கண்ணாடியில் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு போட்டார். கல் சுவர்களில் மோதி அலறிக்கொண்டு வண்டி நகர, கறுப்புக் கார்கள் ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின.